சந்தியோகு அண்ணைக்கு நான் சொன்ன பதில்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் தில்லைநாதன் ஐயா அவர்களே! அனுபவத்தில் முதிர்ந்த பெரியோர்களே! குடத்தையும் குழந்தையையும் ஒருசேரச் சுமந்து குடும்பம் காக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் கறுப்புச் சேலையில் அமர்ந்திருக்கும் மார்கிரட் அக்கா அவர்களே! அனைவருக்கும் அருந்ததியின் தலைதாழ்ந்த வணக்கம்.

மாலை வேண்டாமென்று மறுத்தேன். ஏன் மறுத்தேன்? சொல்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், நம் ஊர்க் கிணறுகள் சிலவற்றில் ஆசனிக் என்னும் நஞ்சு கண்டறியப்பட்ட வேளை, இதே மேடையில் பேசினேன். விஞ்ஞானம் படிப்பித்த வாய் அல்லவா? விடுமா? ஆசனிக் உடற்கலங்களுக்குள் புகுந்து ஒட்சியேற்றச் சேதத்தை மூட்டுகிறது என்றேன். அதைத் தணிக்கும் சத்து நெல்லியில் உண்டு, முருங்கையிலையில் உண்டு, மீனில் உண்டு, முட்டையில் உண்டு என்று அடுக்கினேன். நீங்கள் கைதட்டினீர்கள். நான் பூரித்துப்போனேன்.

இறங்கும்போது ஒருவர் வழிமறித்தார். குருநகரில் கடற்றொழில் செய்து, இடம்பெயர்ந்து, பதினெட்டு ஆண்டுகளாக இங்கே அச்சுவேலியில் வாழ்ந்த சந்தியோகு அண்ணை. நஞ்சு கண்ட கிணறுகளில் அவருடையதும் ஒன்று. உள்ளங்கையை விரித்தார். மிளகு தூவினாற்போல் கறுத்த தடிப்புகள்!

“ரீச்சர், தண்ணி பவுசருக்கு நிண்டு நிண்டு மார்கிரட்டுக்கு முழங்கால் ஏலாமல் போச்சு. உந்த நெல்லியும் முருங்கையும் ஒழுங்காத் திண்டால் எங்கடை கிணத்துத் தண்ணியைக் குடிக்கலாமோ?”

பேருந்து வந்துவிட்டது. ஓடியபடியே சொன்னேன்: “ஓம் அண்ணை, உடம்பு தாங்கும்.”

நான்கே சொற்கள்! அன்றோடு அந்த வீட்டார் நல்ல தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டிக்குப் போகவில்லை. நாள்தோறும் நெல்லி கடித்தார்கள். நாள்தோறும் நஞ்சைக் குடித்தார்கள். அண்ணையின் கையில் ஆறாத புண் வந்தது. புற்றுநோய் என்றார்கள். சென்ற ஆடியில் போய்விட்டார்.

அவர் மனைவி மார்கிரட் அக்கா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறியிருப்பேன்! “அந்தத் தண்ணியை முந்தியே நிப்பாட்டியிருந்தாலும் தப்பியிருப்பாரோ தெரியாது எண்டு டொக்டர் சொன்னவர்” என்று என்னையே தேற்றினார். தேற்றிய அந்தக் கையிலும் அதே தடிப்பு! பிறகு கேட்டார்:

“ஓட்டையை அடைக்காமல் தண்ணி இறைச்சால் தோணி கரை சேருமோ ரீச்சர்? அது கடலுக்குப் போன மனுசனுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் சொன்னதெண்டு நம்பினவர். மேடையிலை சொன்னதை மேடையிலையே திருத்துங்கோ.”

திருத்துகிறேன்.

என்ன கேட்கிறீர்கள் ஐயா? நெல்லிக்காய் பொய்யோ என்றா? பொய்யில்லை. ஆய்வுகூட விலங்குகளில் அந்தச் சத்துகள் சேதத்தைக் குறைத்ததுண்டு. மனிதருக்கும் நல்லுணவு துணை நிற்கலாம். ‘நிற்கலாம்!’ அந்த ஐயத்தைத்தான் அன்று நான் விழுங்கிவிட்டேன். கவசம் அணிந்தவன் கத்தியை விழுங்கலாமா? துணைச்சத்து தூயநீர் ஆகுமா? உண்ணுங்கள், ஆனால் அந்தக் கிணறுகளில் குடியாதீர்கள். கொதிக்கவைத்தாலும் ஆசனிக் போகாது.

பவுசர் வீதியோடு நின்றுவிடுகிறது. நடக்க ஏலாதோரின் வாசலுக்கு யார் சுமப்பது? நாளைக் காலை முதல் இரண்டு வாசல்களுக்கு நான் சுமப்பேன். மற்ற வாசல்களுக்கு யார்? கை உயர்த்துங்கள்! ஜெசிதா... ஜெயதீபன்... பின்னால் இன்னும்... இந்த ஊர் இன்னும் சாகவில்லை!

மன்னிப்புக் கேட்கமாட்டேன், மன்னிக்க வேண்டியவர் சேமக்காலையில், கல்லறைக்குள் உறங்குகிறார். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. திருத்தச் சொன்ன தாய்க்கு என் வணக்கம்.