இடப்பக்க இருக்கை

அன்று காலை என் தம்பி தன் முதுகுத் தலையணையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தான். பறக்கும் கிளப்பின் வாசலில் காரை நிறுத்தி, பின்னிருக்கையில் இரண்டு முறை தேடினான். அவன் குள்ளம். கிளப்பில் எல்லோரும் அவனை அரைப்படி என்றுதான் கூப்பிடுவோம். விமானத்தின் இருக்கையை முழுக்க முன்னால் தள்ளினாலும், முதுகுக்குப் பின்னால் அந்தத் தலையணை இல்லாவிட்டால் அவன் கால் பெடலுக்கு எட்டாது.

"வீட்டுக்குப் போயி எடுத்துட்டு வந்துடவா அண்ணே? கால் மணி நேரந்தான்."

"வேணாம் அரைப்படி. இன்னைக்கு நான் ஓட்டுறேன். நீ மகாராஜா மாதிரி வேடிக்கை பாத்துக்கிட்டு வா."

"அப்ப ஜன்னல் சீட்டு எனக்கு."

இரண்டே பேர் உட்காரும் விமானம் அது. இரண்டுமே ஜன்னல் சீட்டுதான்.

விபத்து விசாரணை அதிகாரி அவர்களே, வானத்தில் கோடு போட்டு வைத்திருக்கவில்லை. இதைத் தாண்டினால் விமான நிலையத்தின் வான்பகுதி, அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும் என்ற எல்லை, உங்கள் வரைபடத்தில் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் வழியில் இரண்டு ஏரிகள் உண்டு. முதல் ஏரி வந்ததும் திரும்பிவிட வேண்டும். அன்று அதை மூட்டம் மறைத்திருந்தது. இரண்டாவதை முதலாவது என்று எடுத்துக்கொண்டேன். யாருக்கும் வரக்கூடிய தவறு. எனக்கே அதற்கு முன் இரண்டு முறை வந்திருக்கிறது.

தம்பிதான் முதலில் கவனித்தான்.

"அண்ணே, கீழ அணை தெரியுது பாரு. இது ரெண்டாவது ஏரி. அவங்க இடத்துக்குள்ள வந்துட்டோம். ரேடியோவுல சொல்லிடலாம்."

"சொன்னா?"

"வழி சொல்லுவாங்க. கூடவே திட்டுவாங்க. திட்டு என்ன, உடம்புலயா ஒட்டிக்கும்?"

மூன்றாவது முறை அகப்பட்டால் என் உரிமம் ரத்து என்று உங்கள் அலுவலகம் எழுத்தில் தந்திருந்தது. இருபத்திரண்டு வருட உரிமம்.

"தானாப் போற ஓணானை எடுத்து எதுக்குடா காதுல விட்டுக்கணும்?" என்றேன். ரேடியோவை நோக்கி வந்த அவன் கையை விலக்கினேன். பிறகு டிரான்ஸ்பாண்டரை அணைத்தேன். எங்கள் எண்ணையும் உயரத்தையும் ரேடாருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் கருவி அது. அதன் வாயை மூடிவிட்டால் திரையில் ஏதோ ஒரு புள்ளி தெரியலாம். யார், எந்த உயரம் என்று தெரியாது. மற்ற விமானங்களுக்கும் தெரியாது.

நான்கு நிமிடத்தில் வெளியேறியிருப்போம். மூன்றாவது நிமிடத்தில், இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் விமானம் ஒன்று மூட்டத்திலிருந்து வந்து எங்கள் தலைக்குமேல் குறுக்கே போனது. இடிக்கவில்லை. அதிலிருந்த நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவருக்கும் கீறல் இல்லை. உங்கள் அறிக்கை இதை ஒரே வரியில் முடித்துவிட்டது. அது பின்னால் விட்டுப்போன சுழல்காற்றுதான் எங்களைப் புரட்டிப்போட்டது. உழுது கிடந்த ஒரு நிலத்தில் விழுந்தோம்.

எனக்கு இரண்டு விலா எலும்புகள் முறிந்தன. அவனுக்கு நினைவு தெளிவாக இருந்தது.

"அண்ணே, காலு ரெண்டும் இருக்கான்னு பாரு. ஒண்ணும் தெரியல."

"இருக்குடா. எப்பவும்போல குட்டையாத்தான் இருக்கு."

சிரித்தான். "கழுத்து ஒரு மாதிரியா இருக்கு. என்னை அசைக்காத. யாரையாவது கூப்பிடு."

என் சட்டைப் பையில் போன் உடையாமல் இருந்தது. பெட்ரோல் வாடை அடித்தது. அந்த நேரத்தில் ஓர் அண்ணன் என்ன செய்வான்? தம்பியை நகர்த்துவான். நகர்த்தினேன். வெளியே அல்ல. வலப்பக்க இருக்கையிலிருந்து, ஓட்டுகிறவர் உட்காரும் இடப்பக்க இருக்கைக்கு. ஒன்றரை அடி தூரம்கூட இருக்காது. "அண்ணே, எதுக்கு," என்று தொடங்கினான், முடிக்கவில்லை. பெல்ட்டையும் மாட்டிவிட்டேன். அதன் பிறகு போன் செய்தேன்.

அசைக்காமல் விட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர். விட்டிருந்தால், இருந்திருந்தால் என்று பேசுவது டாக்டர்களுக்குச் சுலபம்.

சின்ன வயதில் அப்பாவின் கடிகாரத்தை உடைத்தது நான். அடி வாங்கியது அவன். வாயைத் திறக்கவில்லை. இதற்கும் திறந்திருக்க மாட்டான். என் தம்பியை உங்களைவிட எனக்குத் தெரியும்.

ஓட்டியவர் தவறு என்று அவன் பெயரைப் போட்டு உங்கள் அறிக்கை வந்தது. அவன் மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள். "ரோட்டைத் தாண்டுறதுக்கே நாலு பேருகிட்ட கேக்குற மனுசன், அத்தான். கேக்காம உள்ள போயிருப்பாரா?"

"மேல போயிட்டா மனுசன் மாறிடுவாம்மா," என்றேன்.

அவள் நம்பவில்லை. உங்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தலையணையைக் காட்டியிருக்கிறாள். நீங்களும் அந்த இடப்பக்க இருக்கையை அளந்து பார்த்திருக்கிறீர்கள். அது என் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளியபடியே இருந்திருக்கிறது. நான் கவனிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டியது நான். டிரான்ஸ்பாண்டரை அணைத்தது நான். அவனைத் தூக்கி அங்கே உட்காரவைத்தது நான். உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன். அவனைக் கொன்றது காற்று. நான் இடம்தான் மாற்றினேன்.

நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து நாற்காலியில், நடுவில் அவன் முதுகு அமுக்கிய பள்ளத்தோடு, தலையணை வைத்தது வைத்தபடி இருந்தது.