களத்தில் திரும்பும் பஸ்

— அந்தப் பொடவ எதுக்குன்னு கேட்டேன்.

— காதுல வுழுந்துச்சு.

— வுழுந்துச்சுன்னா பதில் சொல்லணும்மே சின்னப்பொண்ணு. பஞ்சாயத்து மீட்டிங்குக்குப் போற. கல்யாணத்துக்குப் போவல.

— எங்கக்கா பொதட்டூர்பேட்டையில தறிக்காரங்க கிட்டயே நேரா வாங்கி அனுப்பிச்ச பொடவ. பொட்டியில வச்சு பூச்சி அரிக்கறதுக்கா அனுப்பிச்சா?

— தீவாளிக்குக் கட்டல. நம்ம கூட்டாளி தானியேலு கிறிஸ்மஸுக்குக் கூப்ட்டான், அப்பவும் கட்டல. இன்னிக்கு மட்டும் இன்னா வந்துச்சு?

— இன்னிக்கு நான் மெம்பரா போறேன்.

— நீ ரொம்ப நாளா மெம்பருதான். எலக்‌ஷன்ல பொம்பள யாரும் நிக்கல, சட்டப்படி ஒரு பொம்பள வேணும்னு உன்னச் சேத்துக்கினாங்க. மீட்டிங் புக்கு நம்ம ஊட்டுக்கே வரும். நீ கத்திரிக்கா அரிஞ்சிகினே கையெழுத்து போடுவ. அத்தோட செரி.

— போட்டேன். எதுக்குப் போடறேன்னு அவுங்களும் சொல்லல, நீயும் படிச்சுக் காட்டல. இனிமே நேரா போய் உக்காந்து, கேட்டுட்டுதான் போடுவேன்.

— அதுக்கு ஏன்மே கனகாம்பரம்?

— தலைக்கு.

— நக்கலு! எனக்கு இங்க வவுறு எரியுது, உனக்கு நக்கலு.

— யோவ், சுத்தி வளைக்காம கேளு. பரசுராமன் வர்றாருன்னுதானே காலையிலேந்து இந்த ஆட்டம் ஆடற?

— பேர எம்மாம் ஷோக்கா சொல்ற பாரு! "வர்றாரு"வாம்!

— பெரிய பஸ் ஆபீஸரு. வர்றான்னா சொல்லுவாங்க?

— அவன் ஆபீஸரு. நான் யோவ். என்ன ஒரு தபாவாச்சும் மரியாதயா சொல்லியிருக்கியா நீ?

— நீ எம்புருசன்யா. உன்ன எதுக்கு வெளியாளாட்டம் மரியாதயா சொல்லணும்?

— பேசியே மடக்கிடுவ. செரி, நான் ஒண்ணு கேக்கறேன். பஸ்ஸெல்லாம் கவருமெண்டு எடுத்துகினப்புறம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, இந்தப் பக்கம் பூரா எந்த பஸ்ஸு எங்க போவணும்னு ஒரு திட்டம் போட்டாங்களா இல்லியா?

— போட்டாங்க.

— அதுல நம்ம பஸ்ஸு எப்டி போச்சு? ரயில் டேசன்லேந்து பெரிய ரோட்டோட நேரா புது பேக்டரி கேட்டு. ஊருக்குள்ள வராது. எவனுக்கும் பேஜாரு இல்ல. அப்பால இந்த ஆளு மேப்பத் தூக்கிகினு வந்தான். திட்டத்தயே திருத்திட்டான். இப்ப பஸ்ஸு ஏரிக்கரையில வளையுதாம், ஸ்கூலாண்ட வருதாம், நேரா நம்ம வாசல்ல வந்து நிக்குதாம்! ஊர்ல எத்தினி ஊடு கீது?

— நம்ம ஊட்டுக்கு எதிர்லதான் ஊர்க்களம் கீது. போரடிக்கற களம். அவ்ளோ பெரிய வண்டி அங்கதான் திரும்ப முடியும். வேற எங்க திரும்பும், உன் தலமேலயா?

— அளக்க வந்தவன் எதப் பாத்து அளந்தான்? களத்தயா, நம்ம ஜன்னலயா?

— நான் அன்னிக்கு ஊட்டுலயே இல்லியே. நடவுக்குப் போயிருந்தேன்.

— தெரியும். நான் மாட்டுக் கொட்டாயிலேந்து பாத்துகினுதான் இருந்தேன். அளக்கற சங்கிலியப் புடிச்சிகினு மூஞ்சிய மூஞ்சிய நம்ம வாசப்பக்கம் திருப்பினான்.

— அப்ப நாள் பூரா நீதான் அவரப் பாத்துகினு இருந்திருக்க. நான்கூட அவர அவ்ளோ நேரம் பாத்ததில்ல.

— சிரி. நல்லா சிரி. உன்னப் பொண்ணு பாக்க வந்தவன்தானே, சிரிப்பு வராம இன்னா வரும்?

— அது எந்தக் காலத்துக் கத! அவருக்கும் கல்யாணமாயி, புள்ள குட்டிங்க கீது.

— புள்ள குட்டிங்க கீதுன்றது உனக்கு எப்டித் தெரியும்?

— அய்யோ சாமி. போன வாரம் நீதான்யா விசாரிச்சுகினு வந்து, எங்கிட்ட சொன்ன!

— சொன்னேனா? செரி, சொல்லியிருப்பேன். ஆனா ஒண்ணு, அந்த நாள நெனச்சா எனக்கு இன்னிக்கும் நாஷ்டா எறங்காது. திருவள்ளூர்ல தனியார் பஸ் கம்பெனியில உத்தியோகம் அவனுக்கு. வெள்ள சட்ட. ரயில் மாறி வந்து கும்மிடிப்பூண்டி டேசன்ல எறங்கினாங்க. அவன், அவங்கம்மா, மாமன். கொளுத்தற வெயிலு. அங்க நின்ன இத்தினி மாட்டு வண்டியில எந்த வண்டியக் கூப்ட்டாங்க?

— உன் வண்டிய.

— என் வண்டிய! உங்க ஊரு எந்தத் தெசன்னே தெரியாத ஆளுங்கள, மேடு பள்ளம் பாத்து, வெள்ள சட்டயில புழுதி படாம, பத்திரமா உங்க நைனா வாசல்ல எறக்கினவன் நானு. எவனாச்சும் இப்டி ஏமாந்திருப்பானா, சொல்லுமே? எனக்கு வரப்போற பொண்டாட்டிய இன்னொருத்தன் பாக்கறதுக்கு, நானே வண்டி ஓட்டிகினு போயிருக்கேன்!

— அப்ப நான் உம் பொண்டாட்டி இல்லியே.

— அதுதான்மே இன்னும் எரியுது. அன்னிக்கு பஸ்ஸு இருந்திருந்தா, அவன் பஸ்ஸுலயே வந்து பஸ்ஸுலயே போயிருப்பான். எனக்கு இந்தப் பேஜாரே இல்ல.

— அன்னிக்கு பஸ்ஸு இருந்திருந்தா எனக்கு நீயே இல்லய்யா.

— இன்னா சொல்ற?

— ஒண்ணியும் இல்ல. அந்தக் கொண்ட ஊசிய எடு.

— இந்தா. பஸ்ஸு வந்தா என் வண்டி இன்னாவறது, அத யோசிச்சியா?

— நெல்லு மூட்ட ஏத்தும். எரு அடிக்கும். மாடுங்களுக்கும் வயசாயிடுச்சு, கொஞ்சம் நெழல்ல நிக்கட்டும்.

— அதுங்களோட சேத்து என்னியும் கட்டிடு.

— யோவ். ஞானம்மாவ மறந்துட்டியா?

— அவ கதைய எதுக்கு இப்ப எடுக்கற?

— தானியேலு பொண்டாட்டின்னு இல்ல, எனக்கு அவ கூடப் பொறந்தவளாட்டம். வலி எடுத்தப்ப பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு உன் வண்டியிலதான் போனோம். அவ தல எம் மடியில.

— வேணாம்மே.

— ஏரிக்கர தாண்டறதுக்குள்ள புள்ள போயிடுச்சு. அவள மட்டும் பொழைக்க வச்சாங்க. நீ அன்னிக்கு ஊட்டுக்கு வந்ததும் மாட்டாண்ட போய் உக்காந்து அழுத. நான் பாத்துட்டு, பாக்காத மாதிரி போயிட்டேன்.

— அடிச்சேன்மே அதுங்கள. சாட்டயே எடுக்காதவன், அன்னிக்கு அடிச்சேன். அடிச்சும் அதுங்களால அதுக்கு மேல ஓட முடியல.

— அது உங்குத்தமும் இல்ல, மாட்டுக் குத்தமும் இல்ல. அதுக்குத்தான்யா இன்னிக்கு நான் போறேன். அந்தக் கரமேல பஸ்ஸு வரணும். பெரிய ரோட்டுல எங்கியோ நிக்கற பஸ்ஸு வலி எடுத்தவளுக்கு ஆவாது.

— பஸ்ஸு வரட்டும். நான் வேணாங்கல. வேற எவனாச்சும் கொண்டாரட்டும்.

— வேற எவன் வருவான்? சுத்துப்பட்டு ஊரு எல்லாம் ஆதரவு தீர்மானம் போட்டாச்சு. நம்ம பஞ்சாயத்து மட்டும் இன்னிக்குப் போடலன்னா, பழைய தடமே நெலச்சிடும்.

— அண்ணி! குப்புராஜண்ணே! ஊட்டுல கீறீங்களா?

— வா கோபாலு. பஞ்சாயத்து குமாஸ்தாவே இப்டி ஓடியாந்தா ஆபீஸ யாரு பாத்துக்கறது?

— ஆபீஸ்ல ஒரே ரகள அண்ணி. ரைஸ்மில்லுக்காரர் ஆளுங்க, பஸ்ஸு பெரிய ரோட்டுல எங்க மில்லாண்டயே நிக்கட்டும், திருத்தின திட்டம் வேணாம்ங்கறாங்க. தானியேலு அண்ணன் பக்கத்து ஆளுங்க, ஊருக்குள்ள வந்தே ஆவணும்ங்கறாங்க. எண்ணிப் பாத்தா ரெண்டு பக்கமும் சமம். அண்ணி ஓட்டு ஒண்ணுதான் பாக்கி. பிரசிடெண்டு கையோட இட்டாரச் சொன்னாரு.

— கெளம்பிட்டேன்னு சொல்லு.

— அந்த பஸ் ஆபீஸ் சாரு ஜீப்ப அனுப்பறேன்னாரு அண்ணி.

— எதுக்குடா ஜீப்பு?

— அண்ணிய இட்டாரதுக்குண்ணே. இம்மாம் வெயில்ல பொம்பள மெம்பரு எதுக்கு நடந்து வரணும், ஜீப்பு சும்மாதானே நிக்குதுன்னாரு.

— ஓகோ! அவன் ஜீப்பு சும்மா நிக்குதா! என் வண்டி இன்னா கோயில் தேரா, வருசத்துக்கு ஒரு தபா இழுக்கறதுக்கு?

— எம்மேல எதுக்குண்ணே பாயற? நான் அவரு சொன்னத சொன்னேன். விசாரிக்கவும் விசாரிச்சாரு.

— இன்னா விசாரிச்சான்? ஒண்ணு விடாம சொல்லு.

— சின்னப்பொண்ணுன்னு மெம்பரு பேரு போட்டிருக்கே, அவுங்க பொறந்த ஊரு எதுன்னாரு. சொன்னேன். அப்டியா, இங்கதான் கீறாங்களான்னு கேட்டுட்டு, கொஞ்ச நேரம் மேப்பயே பாத்துகினு இருந்தாரு.

— கேட்டியாமே! மேப்பப் பாத்துகினு இருந்தானாம்!

— நீ கேட்டியாயா? இத்தினி நாளா நான் இந்த ஊர்ல கீறதே அவருக்குத் தெரியல. அப்பறம் எப்டி எனக்காக பஸ்ஸ வளைச்சாரு?

— இப்ப தெரிஞ்சுகினான் இல்ல!

— கோபாலு, நீ முன்னால போ. ஜீப்பு வேணாம், நாங்க எங்க வண்டியிலயே வர்றோம்னு சொல்லு.

— செரி அண்ணி. சீக்கிரம். அவுங்களுக்குள்ள சட்டயப் புடிச்சுக்கறதுக்குள்ள வந்துடுங்க.

— போயிட்டான். வண்டியப் பூட்டுயா.

— பூட்ட மாட்டேன்.

— யோவ்!

— மாட்டேன்மே. ஒரு தபா வண்டியப் பூட்டி அவன உங்கிட்ட இட்டாந்தேன். இப்ப அதே வண்டியப் பூட்டி உன்ன அவன்கிட்ட இட்டுகினு போவணுமா? நான் மனுசன் இல்லியா?

— அப்ப நான் நடந்து போறேன்.

— போ. செருப்பு போட்டுகினு போ. தார் ரோடு சுடும்.

— போட்டுக்கறேன்.

— ஏமே. போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொல்லு. உன்ன வேணான்னுட்டுப் போனவன் அவன். அவன் எதிர்ல பூ வச்சுகினு போய் உக்கார உனக்கு எப்டி மனசு வருது?

— வேணான்னாருன்னு உனக்கு யாரு சொன்னா?

— எவன் சொல்லணும்? நான்தான் வாசல்ல நின்னேன். வண்டியில ஏறும்போது அந்தம்மா, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்னாங்க. அப்டிச் சொன்னா இன்னா அர்த்தம்னு ஊருக்கே தெரியும். அப்பால கொஞ்ச நாள்ல உங்க நைனா எங்க ஊட்டுல வந்து நிக்கறாரு. எங்கியாச்சும் பொண்ணு ஊட்டுக்காரரு தானா நடந்து வந்து மாப்பிள்ள கேப்பாரா? உத்தியோகக்காரன் தட்டி வுட்டுட்டான், வண்டிக்காரனாச்சும் அமையட்டும்னுதானே வந்தாரு?

— அப்டி நெனச்சுதான் என்னக் கட்டிகினியா?

— எப்டி வந்தா இன்னா, நீ வந்தா போதும்னு கட்டிகினேன். ஆனா நீ வாசல்ல நின்னு ஏரிக்கரயப் பாக்கும்போதெல்லாம், இவ அந்த வெள்ள சட்டயத்தான் நெனச்சுகினு நிக்கறான்னு தோணும். கேக்க பயம். ஆமான்னு சொல்லிட்டா?

— இத்தினி வருசமா?

— இத்தினி வருசமா.

— பைத்தியக்காரா. நீ வண்டியோட கரமேல ஏறிட்டியா, சோத்த வடிக்கலாமான்னு பாத்துகினு நின்னேன்யா.

— மெய்யாலுமா?

— அவுங்க சொல்லி அனுப்பினாங்க. பொண்ணு புடிச்சிருக்கு, நாளு குறிக்கலாமான்னு.

— இன்னாது?

— நாந்தான் வேணான்னேன். வெளிய தெரிஞ்சா அவுங்களுக்கும் அசிங்கம், எனக்கும் திமிரு புடிச்ச பொண்ணுன்னு பேரு. அதனால நைனா வாயத் தொறக்கல. மாப்பிள்ள ஊட்டுலதான் வேணான்னுட்டாங்கன்னு ஊரு பேசுச்சு. பேசிட்டுப் போவட்டும்னு வுட்டுட்டோம்.

— உத்தியோகம், ரயிலு, வெள்ள சட்ட... அவன்கிட்ட இன்னாமே கொற கண்ட?

— ஒரு கொறயும் இல்ல. ஒழுங்கா பாத்தாதானே கொற தெரியும்? எல்லாரும் உள்ள சொஜ்ஜி துன்னுகினு இருந்தாங்க. எங்கத்த என்ன ஜன்னலாண்ட நிக்க வச்சு, மாப்பிள்ளயப் பாத்துக்கோன்னா. என் கண்ணு வெளிய போயிடுச்சு. வெளிய ஒருத்தன், குடிக்கக் குடுத்த சொம்புத் தண்ணியக் குடிக்காம, தலைத்துண்ட அவுத்து அதுல நனைச்சு, மாட்டுக் கழுத்துல நொகத்தடி உராஞ்ச எடத்துல மடிச்சு வச்சிகினு இருந்தான். அவன் தலமேல அம்மாம் வெயிலு.

— அந்தச் செவல மாட்டுக்கு அப்ப புண்ணு.

— பாத்தேன்.

— நீ அங்க நின்னது எனக்குத் தெரியவே தெரியாதே.

— நீ எங்க நிமுந்து பாத்த? மாட்டோட பேசிகினு இருந்த.

— செரி... அப்பால?

— நைனா கோவமா கேட்டாரு. இந்த மாப்பிள்ளயவே வேணாங்கற, உனக்கு வேற எப்டிப்பட்ட ஆளும்மா வேணும்னு. நான் சொன்னேன், "அவுங்கள இட்டாந்தாரே வண்டிக்காரரு, அவரு ஊடு எங்க கீதுன்னு கேட்டுகினு வா நைனா."