பஷீர் ஆடாத மேட்ச்

எழுபதுகளில் ஒருநாள், செங்கல்பட்டில் ஃபுட்பால் ஃபைனல். திருவிடந்தையிலிருந்து போன பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"புது கோச்சுக்கு இன்னா பைத்தியமா, காதர் பாய்? கோல் போடுற உன் தம்பி பஷீரையே வெளிய உக்கார வெச்சிட்டு, அஞ்சு பேரைப் பின்னால நிறுத்தறாராம்! தோத்தா ஊர்ல அவரைச் சும்மா வுடமாட்டாங்க."

காதர் பாய் குரலைத் தாழ்த்தினார். "பஷீருக்கு முட்டி வீங்கிக்கீது. மறைச்சிகினு ஆடப் பார்த்தான். நான்தான் கோச்சாண்ட சொன்னேன்."

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது. என் பேரைச் சொல்லாம, திட்டெல்லாம் அவரே வாங்கிக்கினு கீறாரு. இன்னிக்குத் தோத்தா நானே சொல்லியாவணும். அப்புறம் பஷீரு என் மூஞ்சில முழிப்பானா?"

செங்கல்பட்டில் இறங்கும்போது மற்றவர், "வா பாய், கோச்சுக்கும் சேத்துக் கை தட்டுவோம்" என்றார்.