லிலிஸ் மெட்டின் நாலாவது சுற்று

டிசம்பர் மாதம். மாலை நான்கு மணி. இந்தக் கரையில் அந்த மாதத்து நான்கு மணி என்றால் இருட்டுதான். இடுகாட்டிலிருந்து சதுப்பு நிலத்தின் நடுவே ஒரு சாலை போகிறது... இரண்டு பக்கமும் இடுப்பளவு கற்சுவர். வீடு கிடையாது, விளக்கு கிடையாது. அந்தச் சாலையில் மாலக்கி கான்சிடைன் தனியாக நடந்து வந்தான். தோளில் பை. பைக்குள் மூன்று துண்டாகக் கழற்றி வைத்த குழல்.

மாலக்கி வேறு யாருமில்லை. இதோ, அடுப்போரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே டெக்லன், இவன் மனைவிக்கு அண்ணன். சற்றுமுன் ஊனா கையிலிருந்த விசில் குழலை டெக்லன் வெடுக்கென்று பிடுங்கினான். ஏன், ஏன் என்று என்னைப் போட்டு அரிக்கிறீர்கள். மின்சாரம் போய்விட்டது. புயல் அடங்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. சொல்கிறேன். சிரிக்கிறவன் எழுந்துபோய் மழையில் நின்று சிரிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை இசைப் போட்டிக்கு ஊனா ஒரு மெது மெட்டு தேர்ந்தெடுக்க வேண்டும். நாலு வாசிக்கிறேன், எது நல்லது என்று சொல்லுங்கள் என்றாள். முதல் மூன்றும் குற்றமில்லை. நாலாவதை இரண்டு சுற்று வாசித்தாள், அப்போதுதான் டெக்லன் எழுந்தான்.

"அது எங்க கிடைச்சுது உனக்கு?" என்று கேட்டேன்.

"போன்ல ஒருத்தர் அனுப்பினாரு. ஏதோ அடக்கத்துல பதிவு பண்ணதாம்."

"யார் வாசிச்சதுன்னு கேட்டியா? என்ன பாட்டுன்னு கேட்டியா?"

"நல்லா இருந்துச்சு. எடுத்துக்கிட்டேன். அதுக்குப் போய் இவர் ஏன் இந்தக் குதி குதிக்கிறாரு?"

நல்லா இருந்தால் போதும் உங்களுக்கு. கடையில் சட்டை எடுக்கிற மாதிரி எடுத்து மாட்டிக்கொள்வீர்கள். கேள் ஊனா. மெது மெட்டு என்பது காலாட்டிக்கொண்டு ஊதுகிற சமாச்சாரம் இல்லை. அது ஒரு பாட்டு. சொல்லை உள்ளே வைத்துக்கொண்டு வெறும் ராகத்தை வெளியே விடுகிறோம். எங்கே மூச்சு வாங்குவது, எங்கே நிற்பது, எத்தனை சுற்றோடு முடிப்பது, எல்லாவற்றையும் அந்தச் சொல்தான் சொல்லும்.

நீ வாசித்தது நம்மூர்க் குழல்காரர் கார்மக் லிலிஸின் மெட்டு. அவர் அம்மா வழியில் வந்த ஐரிஷ் பாட்டு. சொல்லை அவர் யாருக்கும் தந்ததில்லை. வீட்டுக்குள் வாசித்ததும் இல்லை. யாராவது கெஞ்சினால் எழுந்து முற்றத்துக்குப் போவார். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து வாசிப்பார். ஒரு சுற்று... அதற்கு மேல் இல்லை. கிழவனுக்குத் திமிர் என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன்.

மாலக்கிக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. ஒருநாள் மதுக்கடையில், நிறைந்த கூட்டத்தில், மாலக்கி அந்த மெட்டை எடுத்தான். லிலிஸ் எழுந்து வந்து குழலின் வாயை உள்ளங்கையால் மூடினார்.

"வார்த்தை தெரியாம ஊதாத. உன் அடுப்புல நீயே தண்ணி ஊத்திக்காதடா."

கடையே சிரித்தது. மாலக்கியின் காது சிவந்துபோனது. அன்றிலிருந்து ஒரே பேச்சுதான் அவனுக்கு. "கிழவன் சாகட்டும். அவன் குழி மேலயே நின்னு இத ஊதுறேன்."

கிழவர் செத்தார். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்... வாசித்தவர் செத்தால், குழியருகில் இன்னொருவர் வாசிக்க வேண்டும். என்ன மெட்டு என்பது வாசிக்கிறவரின் விருப்பம். அன்று ஊரில் இருந்த ஒரே குழல்காரன் மாலக்கி. லிலிஸின் மகள் ப்ரோனா அவன் வாசலுக்கே போய்க் கேட்டாள்.

"எத வேணாலும் வாசி மாலக்கி. அப்பாவோடது மட்டும் வேண்டாம்."

சரி என்று தலையாட்டினான். மறுநாள் குழியருகில் நின்று அதையேதான் எடுத்தான். கடலுக்கு முதுகு. முகம் ஊரைப் பார்த்து... சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்த தன் வீட்டைப் பார்த்து. எங்கள் வழக்கம் இரண்டு சுற்று. அவன் நாலு சுற்று வாசித்தான். ப்ரோனா அழவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிரியார் இருமினார், நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். அவ்வளவு வன்மம் அந்த வாசிப்பில். அந்தப் பதிவுதான் உன் போனில் இருக்கிறது.

இனி, அடக்கம் முடிந்து அவன் திரும்பிய அந்தச் சாலைக்கு வருகிறேன்.

காற்று நின்றிருந்தது. காலடிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம்... "ஸ்ஸ்". யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். குழல் வாசிக்கிறவர்கள் உதட்டோரமாக இழுப்பார்களே, அந்த மூச்சு. ஆடு என்று நினைத்தான். நடந்தான். கொஞ்ச நேரம் அமைதி... மறுபடி "ஸ்ஸ்". ராகம் இல்லை. குழல் சத்தம் இல்லை. மூச்சு மட்டும். கூடவே பாதாம் எண்ணெய் வாசனை. குழல் மரம் வெடிக்காமல் இருக்க லிலிஸ் தடவுகிற எண்ணெய்.

பத்து மூச்சுக்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. இடைவெளியை வைத்தே மெட்டைக் கண்டுபிடித்துவிட்டான். அவன் குழியருகில் மூச்சு வாங்கிய இடங்கள் வேறு. இதுதான் சரியான இடங்கள்.

வீட்டு வாசலை மிதிக்கும்போது முதல் சுற்று முடிந்தது. தொழுவத்தில் மாடு கத்தியது. போய் மடியைத் தொட்டான். வற்றிய தோல். காம்பிலிருந்து ஒரு சொட்டு வந்தது, அது பால் இல்லை, இரத்தம்.

உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினான். மூச்சு இப்போது சன்னலுக்கு வெளியே. இரண்டாவது சுற்று. அவன் வீட்டு அடுப்பு பாட்டன் காலத்திலிருந்து அணைந்ததில்லை. ராத்திரி சாம்பல் போட்டு மூடுவார்கள், காலையில் கிளறுவார்கள். சுற்று முடிந்தபோது கிளறிப் பார்த்தான். ஈரச் சாம்பல்... யாரோ தண்ணீர் ஊற்றிய மாதிரி.

மூன்றாவது சுற்று அறைக்குள் நடந்தது. மூலையில். தீப்பெட்டியை எடுக்கக் கை நீட்டினான். இடது கை விரல்கள் குழலின் துளைகளை மூடின மாதிரி மடங்கி, அப்படியே இறுகிவிட்டன.

அப்போதுதான் அவனுக்குப் புத்தி வந்தது. தான் வாசித்தது நாலு சுற்று. நாலாவதில் என்ன சொல்கிறது அந்தப் பாட்டு? அதைத் தெரிந்துகொண்டால் தடுக்கலாம். குழல் பையை மேசையிலேயே போட்டுவிட்டு, ப்ரோனா வீட்டுக்கு ஓடினான். அவள் கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றே கேட்டாள். இவன் எல்லாவற்றையும் வெளியே நின்று கொட்டினான். இதையெல்லாம் டெக்லனுக்கு அவள்தான் பிறகு சொன்னாள்.

"அது சாபம்டா," என்றாள். "புருஷன் செத்த கையோட ஒருத்திய வீட்ட விட்டுத் துரத்துனாங்க. துரத்துனவன் மேல அவ போட்ட சாபம். முதல் சரணம் மாட்டுக்கு. ரெண்டாவது அடுப்புக்கு. மூணாவது கைக்கு. எந்தப் பக்கம் பார்த்து வாசிக்கிறோமோ அந்தப் பக்கம் போகும், அங்க வாசிச்சவன் இருந்தா அவனையே பிடிக்கும். எங்கப்பா கடல் பக்கம் திரும்புனது எதுக்குன்னு நெனச்ச?"

"நாலாவது எதுக்கு ப்ரோனா? சொல்லு. உன் கால்ல விழறேன்."

"மூச்சுக்கு."

"நிறுத்துறது எப்படி?"

"அந்தச் சரணத்த வாய் விட்டுப் பாடி, கடலுக்கு அனுப்பணும்."

"அப்போ பாடு. தயவு பண்ணிப் பாடு."

அவள் சொன்னாள். "நான் உன் வாசலுக்கு வந்து கேட்டேன் மாலக்கி. நீ தலையாட்டுன."

கதவின் உள்தாழ்ப்பாளையும் போட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் இரைக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. பிறகு இரண்டு பேர் மூச்சு... மாறி மாறி. பிறகு ஒருவர் மூச்சு. அது நிதானமாக, சரியான இடங்களில் வாங்கி, மெட்டை முடித்தது.

விடிந்தபின் திறந்தாள். மாலக்கி படியில் கிடந்தான். வாய் திறந்தபடி. மார்மேல் அவனுடைய குழல், மூன்று துண்டும் பூட்டியபடி. ஒரு கை விறைத்தவன் எப்படிப் பூட்டினான்? அதுவும் மேசைமேல் விட்டுவிட்டு வந்த குழலை? டெக்லன்தான் போய்த் தூக்கினான். குழலின் வாய் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்ததாம். இவன் கையெல்லாம் பாதாம் எண்ணெய் ஒட்டியதாம்.

அவ்வளவுதான் கதை. என்ன டெக்லன், தப்பாகச் சொன்னேனா? பார், வாய் திறக்கமாட்டான்.

சரி, அடுப்பில் கரிக்கட்டி போடுங்கள் யாராவது, குளிர்கிறது... ஏன் எல்லோரும் அதையே பார்க்கிறீர்கள்? நான் கதை ஆரம்பிக்கும்போது நன்றாகத்தானே கனன்றது. அந்தக் கம்பியைக் கொடு. கிளறுகிறேன்.

ஈரம்.

சரி. யாரும் பதற வேண்டாம். ஊனா வாசித்தது இரண்டு சுற்று. இந்த வீட்டு மாடு போயிருக்கும், அடுப்பு போய்விட்டது. இரண்டோடு தீர்ந்தது. டெக்லன் நல்ல நேரத்தில்தான் பிடுங்கியிருக்கிறான்.

"ஊனா. இங்க வாசிச்சது ரெண்டுதான?"

"ஆமா."

"வேற எங்கயும் வாசிக்கலையே?"

அவள் மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசல்ல கார நிறுத்திட்டு... மழை விடட்டும்னு உக்காந்திருந்தேன். எத எடுக்கலாம்னு முடிவு பண்ணணும்ல. பதிவப் போட்டு, கூடவே வாசிச்சுப் பார்த்தேன்."

"எவ்வளவு?"

"முழுசா."

"எந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருந்த?"

"கண்ணாடி வழியா இந்த வீடுதான் தெரிஞ்சுது."

டெக்லன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அறையில் பாதாம் எண்ணெய் வாசனை வந்தது. பின்கதவு மூலையில், கோட்டுகள் தொங்குகிற இடத்தில், யாரோ உதட்டோரமாக மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"ப்ரோனாவக் கூப்பிடுங்க," என்றாள் ஊனா. "இப்பவே கூப்பிடுங்க. அவங்களுக்குத்தான வார்த்தை தெரியும்."

"போன மாசம் அவள அடக்கம் பண்ணோம்மா," என்றான் டெக்லன்.

ஊனா மேசையிலிருந்த கோப்பையை எடுக்க இடது கையை நீட்டினாள். விரல்கள் விரியவில்லை.