கவுந்த ரொட்டி

...கண் டாக்டரான்னு கேட்டேன், முஹாயோ. இல்லையாம். கண்ணாடியாவது போட்டு விடுவியான்னா, அதுவும் இல்லையாம். தாஷ்கண்ட் பல்கலைக்கழகத்துல வித்தை காட்டி, ஏமாந்து நிக்கிறவங்க கண்ணு எங்க போச்சுன்னு மெஷின் வச்சு அளக்குறானாம். இது ஒரு வேலை. இவனுக்கு எம்பொண்ணு நிகோரா கேக்குதாம்... நீ பாட்டுக்கு ரொட்டிய அடுக்கு, நான் பாட்டுக்குப் பேசுறேன்.

'பாக்குறது கண்ணு இல்ல அத்தை, கவனம்'ங்குறான். அது ஒண்ணே ஒண்ணுதானாம். ஒரு இடத்துல குந்திட்டா மத்த இடமெல்லாம் இருட்டாம். அடேய், நான் அடுப்புல புலாவைக் கிண்டிக்கிட்டே தெருவுல யாரு யாரோட பேசுறான்னு சொல்றவ. எங்கிட்டயா? வாய் சும்மா இருந்துச்சா... 'என் கண்ணு முன்னாடி ஒண்ணை மறைச்சுக் காட்டு, நிச்சயத்துக்கு ரொட்டி உடைக்கிறேன்'னுட்டேன். வீட்டுக்காரர் இருமினாரு. அவருக்கு இருமத்தான் தெரியும்.

கற்கண்டு ஒண்ணை டீக்கிண்ணத்தால மூடினான். நான் கண்ணு கொட்டாம உக்காந்திருக்கேன். அப்பப் பாத்து விரிப்பு மேல ரொட்டி ஒண்ணு குப்புறக் கவுந்துச்சு. நீயே ரொட்டிக்காரி, சொல்லு. கவுந்த ரொட்டியைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியுமா? பாவமில்ல? எடுத்து நிமித்தி வச்சேன். கிண்ணத்தைத் தூக்கினா ஒண்ணுமில்ல. அவன் வாயில கறுக்குமுறுக்குன்னு சத்தம்.

ஏமாத்துன்னு கத்தினேன். எந்தங்கச்சி எல்லாத்தையும் போன்ல புடிச்சிருந்தா, போட்டுக் காட்டுறா... ரொட்டியில என் கைதான் இருக்கு. கண்ணு நேரா அவன் கையிலயே நிக்குது. கிண்ணத்தைத் தூக்குறான், எடுக்குறான், வாயில போடுறான். நான் ரயிலைப் பாக்குற மாடு மாதிரி பாத்துக்கிட்டிருக்கேன். 'கண்ணு இங்க அத்தை, நீங்க ரொட்டில'ங்குறான், பவ்யமா. அந்தப் பவ்யத்துக்கே ஒண்ணு வைக்கலாம்.

அதோட விட்டாளா அவ, திரும்பப் போட்டா. ரொட்டியைக் கவுத்தது அவன் இல்ல, முஹாயோ. நிகோரா. டீ ஊத்துற மாதிரி குனிஞ்சு, விரலால ஒரு தட்டு. ரொட்டியக் கவுக்காதடின்னு நான் தலையில குட்டிக் குட்டி வளத்த பொண்ணு. அவன் கையவே காவல் காத்தேனே... இவ கையப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே.

சிரிக்காத. அந்த மேல இருக்கறது வேணாம், ஓரம் கருகியிருக்கு. நல்லா வட்டமா, நடுவுல பூ அச்சு எடுப்பா விழுந்ததா ரெண்டு எடு. அவங்க வீட்டு ஆளுங்க முன்னாடி உடைக்கப் போறது.