ஊதாத வால்வு

குக்கருக்கு ரப்பர் வாங்க வருகிறவர்கள் பழைய ரப்பரைக் கையோடு கொண்டுவர வேண்டும். இந்த ஒரு விஷயத்தை போடிநாயக்கனூர் ஜனங்களுக்கு என்னால் கடைசிவரை புரியவைக்க முடியவில்லை, ஐயா. வெறுங்கையை வீசிக்கொண்டு வருவார்கள். இரண்டு கைகளையும் வட்டமாக வளைத்துக் காட்டி, "இம்புட்டு இருக்கும்ணே" என்பார்கள். அவர்கள் காட்டுகிற அளவுக்குக் கொடுத்தால் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குத்தான் மாட்டலாம். என்ன கம்பெனி என்று கேட்டால் "வெள்ளையா இருக்கும்" என்பார்கள். உலகத்தில் எல்லாக் குக்கரும் வெள்ளைதான்.

இப்போது மிக்சி வேறு வந்துவிட்டது. ஜாருக்கு அடியில் சுற்றுகிற ரப்பருக்குப் பெயர் தெரியாமல் "பூ குடுங்க" என்கிறார்கள். பூ வேண்டுமானால் கோயில் வாசலுக்குப் போக வேண்டியதுதானே. பம்பு ஸ்டவ்வுக்கு வாசர் கேட்டு வந்த ஒரு வாத்தியார், ஸ்டவ்வையே வீட்டில் வைத்துவிட்டு அதன் படத்தைச் சாக்கட்டியால் என் கடைப் பலகையில் வரைந்து காட்டினார். தன் வீட்டில் தினமும் நெருப்பு மூட்டுகிற சாமானின் உறுப்பு ஒன்றுகூடத் தெரியாதவர்களுக்குத்தான் இத்தனை வருஷமாக நான் சேவகம் செய்திருக்கிறேன்.

உட்காரச் சொல்கிறீர்கள். பரவாயில்லை. கடையில் நின்று பழகிய கால்.

நானாக ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, எஸ்டேட் குமாஸ்தா சீனிச்சாமியின் வீட்டு வாசலில் நின்று, கூடியிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள். குக்கர் வெடித்ததற்கு மட்டமான சாமான்தான் காரணம், எவனோ கடைக்காரன் ஓட்டை உடைசலைத் தலையில் கட்டியிருக்கிறான், அந்தப் பெண் அநியாயமாகச் செத்துப்போனாள் என்றீர்கள். அந்தக் குக்கர் மூடிக்குச் சாமான் கொடுத்த கடைக்காரன் நான்தான். வெள்ளைத்துரை. செத்துப்போன பொன்னுமணிக்குத் தாய்மாமன். என் கடையில் மட்டமான சாமான் கிடையாது, ஐயா. அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன். மற்றது எல்லாம் அதோடு சேர்ந்து வருகிறது.

பொன்னுமணி என் அக்காள் ஒச்சம்மாளின் ஒரே மகள். என் மடியில் உட்காரவைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினார்கள். அவள் ஆளானபோது சீர்வரிசைத் தட்டு என் வீட்டிலிருந்துதான் போனது. எங்கள் பக்கத்தில் அக்காள் மகள் யாருக்கு என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நானும் சொல்லவில்லை. கடையை எடுத்துக் கட்டினேன், மாடியில் அறை கட்டினேன், சமையல்கட்டுக்கு வெளிச்சம் வரும்படி ஜன்னல் வைத்தேன். எதற்கு என்று என் அக்காளும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தாள். சிலமலை மாப்பிள்ளையாம், ஏலக்காய் எஸ்டேட்டில் குமாஸ்தாவாம், மாதச் சம்பளமாம், போக வர ஜீப்பாம். "தம்பி, நீ மனசு நெறஞ்சு சரின்னு சொன்னாத்தாம்ப்பா அவ கழுத்துல தாலி ஏறும்" என்றாள். மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். என் அக்காளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பொன்னுமணி சொன்னதை அப்படியே சொல்லிவிட்டாள்: "மாமா ஒடஞ்ச சாமானத்தான் உத்துப் பாக்கும். மனுசரைப் பாக்காது."

எனக்கு வருத்தமில்லை. சின்னப் பெண், தெரியாமல் பேசியது. தாராளமாகச் செய்யுங்கள் என்று சொல்லி வெற்றிலையை எடுத்துக்கொண்டேன்.

தாய்மாமன் சீராகக் குக்கர் கொடுத்தேன். அன்றைக்கு எங்கள் தெருவில் அது பெரிய விஷயம். பந்தலில் வைத்து ஆளாளுக்கு மூடியைத் திறந்து திறந்து பார்த்தார்கள். மூடி, ரப்பர், விசில், வால்வு எல்லாவற்றையும் நானே தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். அந்த மகராசி என்ன செய்தாள் தெரியுமா? துண்டு போட்டு மூடி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். விசேஷத்துக்கு வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவாள், திரும்ப ஏற்றுவாள். மண்சட்டியில் பருப்புக் கடைவாள். குக்கர் என்ன கழுத்தில் போடுகிற நகையா? ரப்பர் காய்ந்து வறட்டியாகிவிட்டது.

எஸ்டேட்டில் வீடு கொடுத்ததும் இரண்டு பேரும் மலைக்குப் போனார்கள். மலை உயரத்தில் பருப்பு லேசில் வேகாது. அப்போதுதான் மேல்தட்டுச் சாமி கீழே இறங்கியது. அங்கே ஒரு வழக்கம் உண்டு, ஐயா, நீங்கள் எஸ்டேட் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். விசில் சீக்கிரம் அடித்து ஆவி வீணாகப் போகிறதாம். அதனால் விசிலின் தலையில் ஜீப்பில் கழன்ற நட்டையோ, கட்டை இரும்பையோ கம்பியால் கட்டிவிடுவார்கள். ஒரு வீட்டில் செய்தால் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் செய்வார்கள். பொன்னுமணியும் கட்டினாள். விசில் வழியே போக முடியாத ஆவி வேறு எங்கே போகும்? மூடியில் இருக்கிற சேஃப்டி வால்வைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அதற்காகத்தான் அந்த வால்வை வைத்திருக்கிறார்கள். அது தன்னைக் கொடுத்து வீட்டுக்காரர்களைக் காப்பாற்றும். கூரையெல்லாம் துவரம்பருப்பு.

முதல் தடவை வால்வு ஊதியதும் கடைக்கு வந்தாள். விசிலில் இரும்பைக் கட்டாதே என்று பொறுமையாகச் சொல்லிப் புது வால்வு போட்டுக் கொடுத்தேன். மறுபடி ஊதிற்று. மறுபடி வந்தாள். "மாமா, இது எப்பப் பாத்தாலும் ஊதிருது. ஊதாத வால்வா ஒண்ணு கொண்டாங்க" என்றாள்.

"ஊதத்தான் ஆத்தா அது இருக்கு" என்றேன்.

பின்னாலேயே சீனிச்சாமி வந்தான். என் அக்காள் மகளைக் கட்டியவன் என்பதால் முறைக்கு நான் அவனுக்கு அண்ணன் ஆகிறேன். அதில் அவனுக்கு ஒரு இளக்காரம். "ஏண்ணே, இம்புட்டுப் பெரிய போர்டு வச்சிருக்கீக, ஒழுங்கா ஒரு வால்வு குடுக்கத் தெரியலையே. நாயித்துக்கெழம நாந்தான் சமையல். கறி வேகங்குள்ள ஊதிருது. பேசாம மண்சட்டி வியாபாரத்துக்குப் போயிருங்கண்ணே" என்றான். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நட்டுக்கும் வால்வுக்கும் வித்தியாசம் தெரியாத பயல் எனக்குச் சாமான் பற்றிப் பாடம் நடத்துகிறான். பெண்டாட்டி இருக்கும்போது கரண்டி பிடிப்பதை வெளியில் சொல்லிக்கொள்ள வெட்கமும் இல்லை. பொன்னுமணியும் சிரித்தாள். அது ஒன்றுமில்லை. புருஷன் சிரித்தால் பெண்டாட்டி சிரிப்பாள்.

மூடியை வைத்துவிட்டுப் போங்கள், அடுத்த சந்தைக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர்கள் கேட்டது ஊதாத வால்வு. அதைத்தான் செய்தேன். எந்தக் கம்பெனியிலும் கிடைக்காது, பட்டறையில் உட்கார்ந்து நானே செய்தேன். எப்படி என்று விலாவாரியாகச் சொல்ல மாட்டேன், அது தொழில் சமாசாரம். பார்வைக்குக் கம்பெனிச் சாமானுக்கும் அதற்கும் யாரும் வேறுபாடு சொல்ல முடியாது. விசில் உட்காருகிற குழலையும் அதற்கு ஏற்றபடி மாற்றினேன். ரப்பரும் புதிது. என் கடையில் இருந்ததிலேயே நல்ல ரப்பரைத் தேர்ந்தெடுத்துப் போட்டேன். அதனால்தான் சொல்கிறேன், ஐயா. மட்டமான சாமானாக இருந்திருந்தால் எங்கேயாவது ஓரத்தில் ஆவி கசிந்திருக்கும், எல்லாரும் உயிரோடு இருந்திருப்பார்கள். நான் போட்டது கசியவில்லை, ஊதவில்லை. எதற்குச் செய்தேனோ அதைச் செய்தது. மூடி கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதை நீங்களே பார்த்தீர்கள். இனிமேல் நாலு பேர் முன்னால் மட்டம் என்று சொல்லாதீர்கள்.

மூடியை வாங்க வந்தபோது சீனிச்சாமி ரோட்டில் ஜீப்பின் பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்தான். பொன்னுமணிதான் உள்ளே வந்தாள். "இப்ப ஊதாதுல்ல மாமா?" என்று கேட்டாள். இனி ஊதாது என்றேன். விசில் வர நேரமானால் பதறாதே, கிட்டே போய்க் கரண்டிக் காம்பால் விசிலை லேசாகத் தட்டிவிடு, சரியாகிவிடும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். "சரி மாமா" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் கடைக்கு வரும்போது சிரிக்கிற மாதிரி சிரித்துவிட்டு, மூடியை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு போனாள். அவள் கேட்டதைக் கொடுத்தேன். வேண்டாம் என்று அறிவு சொன்னவனும் நான்தான்.

நான் நினைத்தது சீனிச்சாமியை. அதை மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன்தான் சமையல் என்று அவன் வாயாலேயே சொன்னான். கறிக்குத்தான் அதிக நேரம் அடுப்பில் வைப்பார்கள். கணக்குச் சரிதான். அது புதன்கிழமையே வெடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? பாவம், மொச்சைப்பயறு போட்டிருக்கிறாள்.

மற்ற நாளெல்லாம் அந்த அடுப்புக்கு முன்னால் நிற்பது யார் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. தட்டிவிடச் சொன்ன யோசனையைச் சீனிச்சாமியிடம் ஏன் சொல்லவில்லை என்றால், அவன் ரோட்டில் நின்றான், கூப்பிட்டுச் சொல்ல விட்டுப்போயிற்று. இதெல்லாம் கடை வேலையில் சகஜம். ஒன்றை நினைத்துக்கொண்டே இன்னொன்றை மறந்துவிடுவோம். என் மருமகளுக்கு நான் கெடுதல் நினைப்பேனா? மடியில் வைத்துக் காது குத்தியவன்.

அன்றைக்கு எஸ்டேட் ஜீப்பு டிரைவர் பால்பாண்டிதான் கடை வாசலில் வண்டியை நிறுத்திக் கத்தினான். "அண்ணே, ஒங்க மருமக வீட்டுல குக்கரு வெடிச்சிருச்சுண்ணே. வெரசா ஏறுங்க." சொல்லும்போதே அழுதுகொண்டிருந்தான். மனசு தாங்காத பிள்ளை. நான் கடையைப் பூட்டிவிட்டு, மாடிக்குப் போய் ஒரு பையை எடுத்துக்கொண்டு ஏறினேன். மெட்டு ரோட்டில் வளைவுக்கு வளைவு அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டினான். யாருக்கு என்ன ஆயிற்று என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பை நினைவிருக்கிறதா என்று கேட்கிறீர்கள். இருக்காமல் என்ன? நீங்கள்தான் அங்கே என் கையிலிருந்து வாங்கிப் பிரித்துப் பார்த்தீர்களே. கோடிச் சேலை. செத்த வீட்டுக்குப் பிறந்த வீட்டு வகையில் கோடித்துணி போக வேண்டும், அதில் தாய்மாமன் துணிதான் முதலில் விழும். அதைக்கூட வேறு எவனாவது முந்திக்கொள்ள விடலாமா? என் அக்காள் அந்தச் சேலையைப் பார்த்துவிட்டு, "எந்தம்பி இந்த அவசரத்துலயும் மறக்காம கொண்டாந்துட்டான்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அவசரம் ஒன்றுமில்லை. மூடியைக் கொடுத்த அன்று சாயங்காலமே ஜவுளிக்கடைக்குப் போய் எடுத்து மாடியில் வைத்திருந்தேன். எதையும் கடைசி நேரத்தில் தேடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

சீனிச்சாமியைத்தான் நினைத்தேன் என்றால் சேலை எதற்கு என்கிறீர்கள். அதற்கும் வழக்கம் இருக்கிறது, ஐயா. புருஷன் செத்தாலும் பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டார் கோடி போடத்தான் வேண்டும். அவளுக்கு அன்றைக்கு வெள்ளைச் சேலை. புருஷன் இருக்கப் பொட்டோடும் பூவோடும் போகிறவளுக்குத்தான் அரக்குச் சேலை. நான் எடுத்து வைத்திருந்தது வெள்ளைதான் என்று இவ்வளவு நேரமும் சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் பையைப் பிரித்தீர்களே. அரக்குதான்.