எதிர்ப்பக்கத்து ஸ்டிக்கர்: ஓய்வு பெறும் ஐவி மிஸ்ஸுக்கு ஒரு பாராட்டு மடல்

துறைமுகத்தைப் பார்த்த சன்னலை, உப்புக்காற்று வரும் என்று ஒருநாளும் திறக்க விடாதவரே! பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்காமல் படியிறங்காதவரே! இறங்கிய பிறகும் பாதி வழியில் நின்று, திரும்பி வந்து, இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தவரே! எங்கள் வைத்தியசாலையின் படப் பதிவறைக்குப் பொறுப்பாக இருந்து, தானும் பயந்து, எங்களையும் பயமுறுத்தி, இன்று ஓய்வு பெறும் திருமதி ஐவி ஞானப்பிரகாசம் அவர்களே! உங்கள் அறையின் ஊழியர்களாகிய நாங்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறோம்.

இப்படியான மடல்களில் ‘அஞ்சா நெஞ்சம் படைத்தவர்’ என்று எழுதுவது வழக்கம். அதை இங்கே வாசித்தால் மண்டபமே சிரிக்கும். முதலில் நீங்கள் சிரிப்பீர்கள். ஆகவே உள்ளதை எழுதுகிறோம். எங்களுக்குத் தெரிந்தவர்களில் அதிகம் பயப்பட்டவர் நீங்கள்தான். அந்தப் பயத்துக்காகவே உங்களைப் பாராட்ட வந்திருக்கிறோம்.

பொறுப்பின் உருவமே!

கண்டியிலும் கொழும்பிலும் ஸ்கான் எடுத்தவர்கள் படங்களை சிடி, டிவிடி என்று இறுவட்டில் கொண்டு வருவார்கள். அதை வாங்கி, கொம்பியூட்டரில் ஏற்றி, டொக்டர்களுக்குக் காட்டுவது எங்கள் அறையின் வேலை. ஒருவரின் ஈரலை இன்னொருவரின் பெயரில் காட்டிவிடுவோமோ என்பதுதான் உங்கள் பெரிய பயம். “ஆளுக்கு ஆள் படம் மாறினா ஆர் பதில் சொல்றது? நீரோ?” என்று புதிதாக வந்த எல்லாரையும் கேட்டிருக்கிறீர்கள். யாரும் “ஓம், நான்” என்று சொன்னதில்லை.

அதனால் ஒரு சட்டம் போட்டீர்கள். நோயாளியின் பெயரும் இலக்கமும் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டாமல் எந்த இறுவட்டும் கொம்பியூட்டருக்குள் போகக்கூடாது. கடற்காற்றின் ஈரத்தில் ஸ்டிக்கர்கள் உரிந்து விழுந்தன. சென்ற மாரிக்கு முந்திய மாரியில், தடித்த பிளாஸ்டிக் ஸ்டிக்கர் வாங்கச் சொன்னீர்கள். அதற்கும் மேலே டேப் ஒட்டச் சொன்னீர்கள். அதையும் அழுத்தித் தடவச் சொன்னீர்கள். ஒட்டியதை உரிப்பதற்குத் தடை. ஒருமுறை யாரோ ஒரு சிடியில் ஸ்டிக்கரை உரித்தபோது வெள்ளித்தோலும் சேர்ந்து கழன்று வந்தது. படம் போய்விட்டது. அந்த வெள்ளித்துண்டை உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தீர்கள், நாங்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கட்டும் என்று.

அந்த மாரியோடு, எங்கள் கொம்பியூட்டரில் இறுவட்டை வாசிக்கும் ட்ரைவ் டிவிடி ஓட்டுவதை நிறுத்தியது. சிடி போட்டால் ஓடும். டிவிடி போட்டால் கடகடவென்று சத்தம் போட்டு, வெளிச்சத்தைச் சிமிட்டி, கடைசியில் உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லும். எங்கள் தொழில்நுட்ப உதவியாளர் பஸ்லான் கம்பியை மாற்றினார். லென்ஸைத் துடைத்தார். ட்ரைவையே மாற்றினார். புதியதும் அதே சத்தத்தைப் போட்டது. மற்ற அறைகளுக்கு வந்த புதுக் கொம்பியூட்டர்களில் இறுவட்டுப் போடும் வாயே இல்லை. கட்டடம் முழுவதற்கும் இருந்தது இந்த ஒரு ட்ரைவ். டிவிடி கொண்டு வந்தவர்களிடம், “இங்க திறக்குதில்ல, சிடியில வேற பிரதி எடுத்து வாங்கோ” என்று சொல்லி அனுப்பினோம். எங்களுக்கு அது பழகிவிட்டது. உங்களுக்குப் பழகவில்லை. ஒவ்வொருவரும் படியிறங்கும்போது சன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

அம்மா!

மார்கழி மழையில் ஒரு காலை. குறிஞ்சாக்கேணியிலிருந்து றுவைஸ் என்பவர், சேட்டுக்குள் ஒரு சொப்பிங் பையை மறைத்துக்கொண்டு நனைந்தபடி ஓடி வந்தார். பைக்குள் ஒரு டிவிடி. அவருடைய மனைவி ஜெமீலாவை அந்நேரம் சத்திரசிகிச்சைக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வயிற்றுக்குள் கட்டி. இரத்தம் உள்ளே கசியத் தொடங்கியிருந்தது. கட்டியைச் சுற்றி இரத்தக்குழாய் எந்தப் பக்கத்தால் போகிறது என்று பார்க்காமல் வெட்டினால் மேசையிலேயே போய்விடுவார் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஸ்கான் இயந்திரம் பழுதாகி உதிரிப்பாகத்துக்குக் காத்திருந்தது. கந்தளாய்ப் பக்கம் வீதியில் வெள்ளம், வேறு வைத்தியசாலைக்குக் கொண்டு போகவும் வழியில்லை. இணைய இணைப்பு முதல்நாள் காற்றிலேயே அறுந்துவிட்டது. ஜெமீலாவின் வயிற்றுக்குள் இருப்பதைக் காட்ட அந்த ஒரு டிவிடிதான் இருந்தது.

ஸ்டிக்கரை எழுதினீர்கள். ஒட்டினீர்கள். மேலே டேப் ஒட்டி அழுத்தித் தடவினீர்கள். பஸ்லான் உள்ளே போட்டார். கடகட. வெளிச்சம் சிமிட்டியது. ஒன்றும் இல்லை.

“சொன்னேனே மிஸ், இந்த ட்ரைவ் மௌத்தாப் போய் எவ்வளவு நாள்” என்றார் பஸ்லான். ட்ரைவ் செத்துப்போன கதை, வழமையாக எல்லாரும் சிரிக்கிற பகிடி. அன்றைக்கு வாசலில் நின்ற றுவைஸின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார்.

“நேத்து மருமகன்ட லெப்டொப்புல நல்லா ஓடின மிஸ்” என்றார் றுவைஸ். “நான் பொய் சொல்லல்ல. எல்லாரும் இருந்து பார்த்த. அவவும் பார்த்தா.”

குறிஞ்சாக்கேணிக்குப் போய் அந்த லெப்டொப்பை எடுத்து வர நேரமில்லை. அவர் பதற்றத்தில் உளறுகிறார் என்று நாங்கள் நினைத்தோம். நீங்கள் அப்படி நினைக்கவில்லை. உங்கள் உதடு வெளிறிப் போயிருந்தது.

“இந்த மெஷினில ஒரு டிவிடியாவது இந்த வருசம் ஓடினதோ?” என்று எங்களைக் கேட்டீர்கள்.

“இல்லை மிஸ்” என்றார் ஸ்கான் எடுக்கும் நிரோஷினி. பஸ்லான் லென்ஸ் துடைக்கும் துணியை மடிக்கத் தொடங்கினார்.

“பஸ்லான், உம்மைத்தான் கேக்கிறன்.”

“ஓடும் மிஸ்.”

“எது ஓடும்?”

“படம் மிஸ்.”

“என்ன படம்?”

“தமிழ்ப் படம்தான் மிஸ். நைட் டியூட்டில, வேலை இல்லாத நேரம். நல்லா ஓடும். சத்தமும் இல்ல.” அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “சொன்னா நீங்க மேலிடத்துக்கு எழுதிக் குடுத்துடுவீங்க எண்டு பயம்.”

மாதக்கணக்காக எங்கள் அறையில் எல்லாருக்கும் தேவைப்பட்ட ஒரு விடயம், உங்களுக்குப் பயந்து ஓர் அலுமாரிக்குள் கிடந்திருக்கிறது. இதை மறைக்காமல் இந்த மடலில் எழுதச் சொன்னவரே பஸ்லான்தான்.

“எடுத்துக்கொண்டு வாரும்” என்றீர்கள். திட்டவில்லை. அதுதான் எங்களை இன்னும் பயப்படுத்தியது.

அந்தப் படம் போட்டதும் ஓடியது. திரையில் யாரோ ஆடத் தொடங்கினார்கள். சத்திரசிகிச்சைக்கூடத்திலிருந்து தொலைபேசி அடித்தது. நிரோஷினி எடுத்தார். “டொக்டர் கேக்கிறார் மிஸ், படம் இருக்கோ இல்லையோ எண்டு. இனிப் பார்த்துக்கொண்டு நிக்க ஏலாதாம்.”

நீங்கள் பஸ்லானின் படத் தட்டை வெளியே எடுத்தீர்கள். இரண்டு இறுவட்டுகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். ஒன்று வெறுமனே மின்னியது. மற்றதில் உங்கள் கையெழுத்து, உங்கள் ஸ்டிக்கர், உங்கள் டேப். பென்சிலை எடுத்து, படத் தட்டின் நடுத்துளைக்குள் விட்டுப் படுக்கையாகப் பிடித்தீர்கள். தட்டு அப்படியே நின்றது. ஜெமீலாவின் தட்டைத் தொங்கவிட்டீர்கள். அது மெல்லச் சுழன்று, ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம் கீழே வந்து நின்றது.

“என்ர ஸ்டிக்கர்” என்றீர்கள்.

ஒரு பக்கம் பாரம் கூடிய தட்டு வேகமாகச் சுழலும்போது ஆடும். சிடியில் பதிந்திருக்கும் எழுத்து இடைவெளி விட்டு ஐதாக இருக்கும், ஆடினாலும் ட்ரைவ் ஒருவாறு வாசித்துவிடும். டிவிடியில் எழுத்து நெருக்கம், ஆட்டத்தைத் தாங்காது. இப்போது எங்களுக்கு இது பாடம். அந்த நேரம் எங்களுக்குத் தெரிந்தது, நீங்கள் அந்தத் தட்டை இரண்டாம் தடவையும் தொங்கவிட்டுப் பார்த்தது மட்டும்தான்.

பஸ்லான் சவரப் பிளேட் ஒன்றை எடுத்தார். “உரிச்சிடுவம் மிஸ். டிவிடியில எழுத்து ரெண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவுக்குள்ள இருக்கு, ஒண்டும் நடக்காது.”

“நிச்சயமாத் தெரியுமோ?”

“அப்படித்தான் மிஸ் சொல்லுவாங்க.”

“ஆர் சொல்லுவினம்? கையை எடும்.”

அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் இருந்தது ஒரே ஒரு தட்டு. நீங்கள் இன்னொரு ஸ்டிக்கரை எடுத்தீர்கள். முதலாவதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒட்டப் போனீர்கள். வெறும் ஸ்டிக்கர் ஒட்ட உங்கள் மனம் கேட்கவில்லை. அந்த அவசரத்திலும் அதிலே ஜெமீலாவின் பெயரையும் இலக்கத்தையும் எழுதினீர்கள். அதே அளவு டேப். பென்சிலில் தொங்கவிட்டபோது கொஞ்சம் மறுபக்கம் சாய்ந்தது. கத்தரிக்கோலால் டேப்பின் ஓரத்தை நறுக்கினீர்கள். திரும்பத் தொங்கவிட்டீர்கள். தட்டு எந்தப் பக்கமும் போகாமல் நின்றது.

பஸ்லான் அதை உள்ளே போட்டார். கடகட இல்லை. மெல்லிய இரைச்சல் மட்டும் வந்தது. வெளிச்சம் சிமிட்டிச் சிமிட்டி நின்றது. கறுப்பும் வெள்ளையுமாகப் படங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

நிரோஷினி தொலைபேசியை எடுத்தார். நீங்கள் அவருடைய கையைப் பிடித்தீர்கள். “முதலில பேரை வாசியும். பிறந்த வருசத்தையும் வாசியும்.”

“மிஸ், நேரம் போகுது!” என்று கத்தினார் பஸ்லான்.

“வேற ஆளின்ர எண்டா?”

நிரோஷினி சத்தமாக வாசித்தார். வாசலில் நின்ற றுவைஸ் “ஓம், ஓம், அவதான்” என்று அழுதார். அதற்குப் பிறகுதான் கையை விட்டீர்கள்.

டொக்டர் சத்திரசிகிச்சை உடுப்போடு ஓடி வந்து பார்த்தார். இரத்தக்குழாய், கட்டிக்கு முன்னால் குறுக்கே கிடந்தது. “நான் இந்தப் பக்கத்தாலதான் வெட்ட இருந்தனான்” என்றார். அப்படியே திரும்பி ஓடிப் போனார்.

நேர்மையின் இருப்பிடமே!

கூடத்தின் கதவு மூடியிருந்த நேரம் முழுக்க றுவைஸுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தீர்கள். தேத்தண்ணி கொண்டு வந்து தந்தோம், ஆறிப் போனது. “தம்பி, ட்ரைவில பிழை இல்லை. ஸ்டிக்கர் ஒட்டினது நான். பிழை என்ர” என்று அவரிடம் சொன்னீர்கள். யாரும் கேட்காமல் சொன்னீர்கள்.

“இப்ப எனக்கு ஒண்டும் விளங்கல்ல மிஸ்” என்றார் அவர். “அவ வரட்டும்.”

ஜெமீலா வந்தார். பின்னேரம் கண் திறந்தார் என்று தாதி வந்து சொன்னபோதுதான் நீங்கள் எழுந்து போய் முகம் கழுவினீர்கள்.

அடுத்த வாரம் றுவைஸுக்கு விளங்கிவிட்டது. மனைவியை வீட்டுக்குக் கூட்டிப் போகும் வழியில் எங்கள் அறைக்கு வந்து, “ஒரு ஸ்டிக்கராலயா மிஸ்? ஒரு ஸ்டிக்கராலயா?” என்று சத்தம் போட்டார். நீங்கள் எழுந்து நின்று கேட்டீர்கள். ஜெமீலாதான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தார். “சும்மா வாங்க. அவங்க ஏற்கனவே பயந்து போயிருக்காங்க.”

உண்மைதான். நீங்கள் அப்போது பயந்துகொண்டிருந்தது ஜெமீலாவுக்காக அல்ல. எங்களில் யாருக்கும் வராத ஒரு கேள்வி உங்களுக்கு வந்திருந்தது. “இதுக்கு முதல் திறக்கேல்லை எண்டு திருப்பி அனுப்பின ஆக்கள்?”

ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தீர்கள். தொலைபேசி எடுக்காத வீடுகளுக்கு ஓட்டோ பிடித்துப் போனீர்கள். ஒவ்வொரு வாசலிலும், உள்ளே இருந்து யார் வருவார் என்று பார்த்துக்கொண்டு நீங்கள் நின்ற நிலையை, கூட வந்த நிரோஷினி இன்னும் சொல்லுவார். கடைசியாகச் சாம்பல்தீவில் ஒரு பூட்டிய வீடு. இரண்டாம் முறை போனபோதும் பூட்டு. மூன்றாம் முறை, தோளில் வலையோடு ஒரு கிழவர் வந்து, “நீங்கள்தானே என்னைத் திரும்பவும் கண்டிக்குப் பஸ் ஏத்தி விட்டது? இடுப்பு முறிஞ்சு போச்சு பிள்ளை!” என்று வாய்க்கு வந்தபடி ஏசினார். அவ்வளவு ஏச்சையும் வாங்கிக்கொண்டு ஓட்டோவில் சிரித்தபடி வந்தீர்கள் என்று கேள்விப்பட்டோம். எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். அது எங்கள் கெட்டித்தனம் அல்ல. தப்பிவிட்டோம், அவ்வளவுதான்.

எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் உரியவரே!

உடல்நலத்தோடு நெடுங்காலம் வாழுங்கள். சன்னலைத் திறந்து வைத்து நித்திரை கொள்ளுங்கள். பூட்டை ஒருமுறை மட்டும் இழுத்துப் பாருங்கள். உங்கள் பயத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டாம், எங்கள் அறையிலேயே விட்டுப் போங்கள். நீங்கள் போகிறீர்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, இனி எங்களுக்காக யார் பயப்படுவார் என்ற யோசனையில் எங்களுக்கும் நித்திரை சரியில்லை.

போன கிழமை மூதூரிலிருந்து ஒருவர் டிவிடி கொண்டு வந்தார். நீங்கள் விடுமுறை. பஸ்லான் அதை வாங்கினார். இப்போதைய வழக்கப்படி தட்டில் எதையும் ஒட்டாமல், உறையில் பெயரை எழுதினார். பென்சிலில் தொங்கவிட்டுப் பார்த்தார். உள்ளே போடமுன் பெயரை இன்னொரு தடவை வாசித்தார். போட்ட பிறகும் திரும்ப வெளியே எடுத்து, மூன்றாம் தடவை வாசித்ததை நாங்கள் எல்லாரும் கண்டோம். ஒருவரும் பகிடி பண்ணவில்லை. அன்றுதான் எங்களுக்குக் கொஞ்சம் நித்திரை வந்தது.

இப்படிக்கு,
உங்கள் பூட்டை இன்று முதல் இழுத்துப் பார்க்கப்போகும்
படப் பதிவறை ஊழியர்கள்,
திருகோணமலை.